பதினொன்றாவது இடம்

குத்துச்சண்டை பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர், தரவரிசைக் குழுவின் தலைவர், அவரும் அக்கா என்பார். அவள் அதைத் திருத்தப் போகவில்லை. "அப்படிக் கூப்பிட்டா அவருக்கு வயசு குறையுதாம். குறைஞ்சிட்டுப் போகட்டும்" என்று கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் பார்த்த வேலை வேறு. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், இரண்டு ஜன்னலும் ஒரு நீள மேஜையும் உள்ள அறையில் உட்கார்ந்து பல் செட் செய்வாள். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும் உடைக்காமல் வெளியே எடுத்தால், முகமில்லாத ஒரு தாடை மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். அதன் ஈறு மேட்டில் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். ஒரு பல் தலைமுடி அகலத்துக்கு ஏறி நின்றாலும் போட்டுக்கொள்கிறவர் சாப்பிட முடியாது. இருபத்தாறு வருஷமாக அந்தத் தலைமுடி அகலத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "பரவாயில்ல, விடுங்க" என்ற வார்த்தை அவள் அகராதியில் கிடையாது என்று டாக்டர் புலம்புவார். ஆனால் செட் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

குத்துச்சண்டை அவள் வாழ்க்கைக்குள் வந்தது தம்பியால். அவன் பதினைந்து வயதில் கையுறை மாட்டிக்கொண்டபோது, தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. அக்காவைத் துணைக்கு அனுப்பினாள். பயிற்சிக்கூடத்தின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவளிடம் ஒருநாள், நேரம் பார்க்கிறவர் வரவில்லை என்று கடிகாரத்தையும் மணியையும் கொடுத்தார்கள். மூன்று நிமிஷம் முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். அடித்தாள். ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கப்புறம் அவளை விடவில்லை. தேர்வெழுதி, புள்ளி போடும் நடுவரானாள். ரிங்கின் விளிம்பில் மூக்கு உரசுகிற தூரத்தில் பதினான்கு வருஷம் உட்கார்ந்து, எத்தனையோ பேரின் வியர்வையைத் தன் காகிதத்தில் வாங்கியிருக்கிறாள். ஒருமுறை உள்ளூர்க்காரனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் அறை வழியாக வெளியே போக வேண்டி வந்தது. "தீர்ப்பு சரிதானே?" என்று கணவன் கேட்டான். "சரிதான்." "அப்ப ஜெனரேட்டர் ரூம்ல என்ன புழுக்கம்னு மட்டும் சொல்லு" என்றான் அவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷன், எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டான்.

நாற்பத்தைந்து வயதில் அவள் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு நிழல் விழுந்தது. ஆபரேஷன் ஆயிற்று. கிட்டத்தில் பார்க்கும் வேலைக்குப் பழுதில்லை, ஆனால் ரிங் ஓரத்தில் உட்காரக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். குத்துச்சண்டைச் சம்மேளனம் அவளைத் தரவரிசைக் குழுவுக்கு மாற்றியது.

குழுவில் ஐந்து பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் சம்மேளன அலுவலகத்தின் மாடியறையில் கூடுவார்கள். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் சாம்பியனுக்குக் கீழே பதினைந்து பேரை ஆளாளுக்கு வரிசைப்படுத்துவார்கள். ஐந்து பட்டியலையும் சேர்த்துப் பொதுப் பட்டியல் போடுவார்கள். யார் யாருக்கு எந்த இடம் கொடுத்தார் என்பதும் பத்திரிகையில் பெயரோடு வந்துவிடும், ஒளிந்துகொள்ள வழியில்லை. பொதுப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களில் இருப்பவன்தான் சாம்பியனோடு பட்டத்துக்கு மோதலாம். அதனால் அந்த ஐந்துக்குள் புதிதாக ஒருவனை ஏற்றுவதென்றால் மட்டும் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஓர் இளம் வீரனை அவசரப்பட்டு மேலே ஏற்றி, அவன் பட்டப் போட்டியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் போன பிறகு எழுதிய விதி அது.

இப்படி இருக்கும்போதுதான் சம்மட்டி வந்தான்.

ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்கிக்கொண்டிருந்தவன். இருபத்து நான்கு வயது. பதினேழு சண்டை, பதினேழு வெற்றி. அதில் பதினாறு நாக் அவுட். அவனுடைய இடது கை எதிராளியின் தாடையில் இறங்குகிற காட்சியை வெட்டி ஒட்டி, சலூனிலும் டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் செல்போன் செல்போனாகப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். இவன் சாம்பியனைச் சாய்ப்பானா, எத்தனையாவது ரவுண்டில்? சாய்ப்பானா என்பதிலேயே சந்தேகம் வைத்தவர்கள் குறைவு. ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அவனுக்குப் பயிற்சி கொடுத்தவன் அவள் தம்பி.

அவள் அதை முதலிலேயே குழுவில் சொல்லிவிட்டாள். "என் கூடப் பொறந்தவன் வளர்க்குற பையன். இந்தப் பிரிவுக்கு வேற ஆளைப் போட்டுக்கங்க."

தலைவர் கையை வீசினார். "இங்க யாருக்குத்தான் யாரு சொந்தமில்ல? செயலாளர் மச்சான் கையுறை விக்கிறாரு. உக்காருங்க அக்கா."

அவள் உட்கார்ந்தாள். அவர்கள் மனசில் என்ன ஓடியது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. நான்கு கையெழுத்துக்குத்தான் பேச்சு வேண்டியிருக்கும், ஐந்தாவது வீட்டுக் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும் அவள் கூடத்தில் உட்கார்ந்து அவனுடைய பதினேழு சண்டைகளையும் பார்த்தாள். டிவியில் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுவாள். கூட்டம் கத்துகிறபோது நம் கையும் சேர்ந்து புள்ளி போட்டுவிடும் என்பது அவள் கட்சி. "ஊமைப் படம் ஆரம்பிச்சாச்சா" என்று கணவன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

சம்மட்டியின் இடது கை பொய் இல்லை. அதை முதல் நாளே ஒப்புக்கொண்டாள். அந்தக் குத்து தோளிலிருந்து கிளம்பவில்லை, குதிகாலிலிருந்து கிளம்பியது. இடுப்பு திரும்பி, முதுகு திரும்பி, கடைசியாகத்தான் கை வந்தது. அவள் பார்த்த வருஷங்களில் அப்படியொரு கை இரண்டோ மூன்றோ. ஆனால் அந்தக் கை கிளம்புகிறபோதெல்லாம் வலது கை கன்னத்தை விட்டு நழுவி நெஞ்சுக்கு இறங்கியது. பதினேழு சண்டையிலும் இறங்கியது. அந்தத் திறந்த கன்னத்தில் யாரும் குத்தவில்லை. ஏன் குத்தவில்லை என்று பார்க்க, எதிரே நின்றவர்களைப் பற்றித் தேட ஆரம்பித்தாள்.

சம்மேளனத்தின் பழைய பதிவுகளைப் புரட்டி ஒரு நோட்டில் எழுதினாள். பதினேழு பேரில் ஆறு பேர், அதற்கு முந்தைய ஒரே வருஷத்துக்குள் வேறு யாரிடமோ நாக் அவுட் ஆனவர்கள். நான்கு பேர் கீழ் எடைப் பிரிவிலிருந்து மேலே ஏறி வந்தவர்கள். மூன்று பேருக்கு முப்பத்தெட்டு தாண்டியாயிற்று. ஒருவன் இரண்டு வருஷம் ரிங் பக்கமே வராமல் திரும்பியவன். இன்னொருவன் முதல் ரவுண்டிலேயே கைவிரல் பிசகி விலகிக்கொண்டான். கணக்கில் அதுவும் நாக் அவுட். நல்ல ஆட்கள் என்று மிஞ்சியது இரண்டே பேர். ஒருவனைச் சம்மட்டி ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தான். மற்றவன் எட்டு ரவுண்டும் நின்றான். அந்த எட்டில் கடைசி இரண்டு ரவுண்டில் சம்மட்டி விட்ட குத்துகளைக் கோடு போட்டு எண்ணினாள். ஆரம்பத்தில் விட்டதில் பாதிகூட இல்லை. பதினேழு சண்டையும் சேர்த்து அவன் ரிங்கில் நின்றது முப்பத்தெட்டு ரவுண்டு. சாம்பியன் கடைசி நான்கே சண்டையில் நாற்பத்தாறு ரவுண்டு நின்றிருந்தான்.

அந்த வாரமே தம்பி சம்மட்டியை மருத்துவமனைக்கு அழைத்து வந்தான். வாயில் கடித்துக்கொள்ளும் பல்காப்பு தளர்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்றான். ஊரில் குத்துச்சண்டைக்காரர்களுக்கெல்லாம் பல்காப்பு செய்து கொடுப்பது அவள்தான். பழையதைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கடும் சண்டை ஆடியவனின் பல்காப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைவாய்ப் பக்கம் நசுங்கி, பல் பதிந்து, சில சமயம் பிளந்தே இருக்கும். இது இரண்டு வருஷப் பழசு. தளர்ந்திருந்ததே தவிர, ஒரு கடி இல்லை.

தம்பி டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தான். சம்மட்டி ஸ்டூலில் முழங்காலைச் சேர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நான் எத்தனாவதுன்னு நெனைக்கிறீங்க? மாஸ்டர் கிட்ட கேட்டா மொதல்லன்னுதான் சொல்லுவாரு."

அவள் பிளாஸ்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியல. உன் கை எனக்குத் தெரியும். உன் தாடை தெரியாது. உன்னை இதுவரைக்கும் யாருமே சரியா அடிக்கல."

"அது நல்லதுதானே அக்கா?"

"உனக்கு நல்லது. இடம் போடுற எனக்கு அது பதில் இல்ல."

அவன் கோபப்படவில்லை. யோசித்துத் தலையாட்டினான். அவன் போன பிறகு அவள் தனக்குள் ஒன்றை முடிவு செய்தாள். வைத்தியத்துக்கு வந்தவன் வாயில் பார்த்ததைக் குழு அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே பேசினால் நோட்டில் உள்ளதை மட்டும் பேச வேண்டும்.

சனிக்கிழமை கூட்டத்தில் பட்டியல்களைப் பிரித்தார்கள். தலைவர் சம்மட்டிக்கு மூன்றாவது இடம் கொடுத்திருந்தார். முன்னாள் சாம்பியன் ஒருவர் குழுவில் இருந்தார். கத்தை மீசை, அதனால் மீசைக்காரர் என்றே பெயர். அவர் முதல் இடம். மற்ற இருவரும் இரண்டு. அவள் பட்டியலைத் தலைவர் மேலிருந்து கீழே படித்தார், மறுபடி மேலே போனார்.

"அக்கா, பேரு விட்டுப்போச்சு போல."

"இன்னும் கீழ வாங்க."

"பதினொண்ணா?"

மீசைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பதினாறு பேரைத் தூக்கிப் போட்டிருக்கான்மா. ஜோக்கா பண்றீங்க?"

"யாரைத் தூக்கிப் போட்டான்னு பாத்தீங்களா?" அவள் நோட்டைத் திறந்து ஒவ்வொருவராகப் படித்தாள். குரலை உயர்த்தவில்லை. படித்து முடிக்க இருபது நிமிஷம் பிடித்தது. "கை இருக்கு. அதுக்காகத்தான் பதினொண்ணாவது. கை மட்டும் இல்லன்னா பட்டியல்லயே இருக்கமாட்டான். இன்னிக்கு நாம அஞ்சுக்குள்ள ஏத்தினா, அடுத்த சண்டை சாம்பியனோட. பன்னெண்டு ரவுண்டு. அவன் கன்னம் தாங்குமான்னு உங்க யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியல. தெரியாதப்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சொந்தத் தம்பி பொழப்புல மண்ணைப் போடுறீங்களே" என்றார் மீசைக்காரர்.

"தம்பி பொழப்பு தம்பி பாத்துக்குவான். நான் பட்டியலைத்தான் பாக்க முடியும்."

இரண்டு மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். கெஞ்சினார்கள், கிண்டல் செய்தார்கள், தேநீர் வரவழைத்தார்கள். அவள் தேநீரைக் குடித்தாள், கையெழுத்துப் போடவில்லை. சம்மட்டி பொதுப் பட்டியலில் ஆறாவது இடத்தில், கதவுக்கு வெளியே நின்றான்.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் அவள் படத்தைப் போட்டு, குடும்பப் பகையா என்று கேட்டிருந்தார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் வீடு பங்கு பிரித்ததில் மனஸ்தாபம் என்று கண், காது, மூக்கு வைத்து எழுதியிருந்தார்கள். அவர்கள் வளர்ந்தது வாடகை வீடு. "பிரிக்க ஒரு வீடு இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றான் கணவன். காலையில் அவன் வேனில் ஏறிய ஒரு பொடியன், "அங்கிள், ஏன் ஆன்ட்டிக்குச் சம்மட்டியைப் பிடிக்காது?" என்று கேட்டானாம். "ஆன்ட்டிக்கு என்னையே பிடிக்க ஏழு வருஷம் ஆச்சுப்பா" என்று இவன் சொன்னானாம்.

தம்பி மத்தியானம் மருத்துவமனைக்கே வந்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் தூக்கிவிடுறான். நீ ஒருத்தி காலை வாரிவிடுற."

"உக்காரு."

"உக்கார வரல. அந்தப் பையன் ஆறு வருஷமா விடியக்காலைல எழுந்து ஓடுறான். அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அவனுக்குச் சண்டை பிடிச்சுக் கொடுத்தது யாரு? நீதானே. ஏன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கிறவனா பாக்கல?"

அவன் முகம் சிவந்தது. "நான் அவனைக் காப்பாத்தி வளர்த்தேன்."

"காப்பாத்தின, சரி. வளர்த்தியான்னுதான் கேக்குறேன்." அவள் குரல் தணிந்தது. "நங்கூரத்தோட விடு. அப்புறம் வா, பேசுவோம்."

நங்கூரம் துறைமுகத்தில் கயிறு இழுக்கும் தொழிலாளி. பொதுப் பட்டியலில் ஐந்தாவது இடம். முப்பத்தாறு வயது, நாற்பத்தொரு சண்டை, ஒன்பது தோல்வி. அந்த ஒன்பதிலும் அவன் கடைசி மணி அடிக்கும்போது நின்றுகொண்டுதான் இருந்தான். அவனோடு மோதினால் பெயரும் பெரிதாக வராது, உடம்பும் ஒரு மாதம் வலிக்கும் என்று பலபேர் ஒதுங்கிப் போவார்கள்.

தம்பி கதவைத் திறந்தான். "உன் நங்கூரத்தை மூணாவது ரவுண்டுல தூக்கிக் காட்டுறோம். அப்ப உன் நோட்டைக் கிழிச்சுப் போடு." அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் அவளோடு பேசவில்லை. போன் செய்தால் அவன் மனைவி எடுத்து, "குளிக்கிறாருங்க அண்ணி" என்பாள். "காலைலயும் குளிச்சான், மத்தியானமும் குளிச்சான், ரொம்பச் சுத்தமாயிட்டான்" என்று அவள் சொல்லி வைத்துவிடுவாள். சொல்லிவிட்டாளே தவிர, சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை. பட்டியலைத் திருத்திவிடலாமா என்று ஒருமுறைகூட நினைக்கவில்லையா என்று கணவன் கேட்டான். "தினமும் நெனைக்கிறேன். நெனைச்சுட்டு நோட்டை எடுத்துப் பாக்குறேன். நோட்டுல மாறலையே" என்றாள்.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உள்ளரங்கில். பத்து ரவுண்டு. அவளும் கணவனும் பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் யாரோ அவளை அடையாளம் கண்டுகொண்டு, "பதினொண்ணு, பதினொண்ணு" என்று பாட்டுப் பாடினார்கள். அவள் திரும்பவில்லை.

முதல் ரவுண்டிலேயே சம்மட்டியின் இடது கை நங்கூரத்தின் தாடையில் முழுசாக இறங்கியது. அரங்கம் எழுந்து நின்றது. நங்கூரம் ஒரு எட்டுப் பின்னால் போனான், தலையை ஆட்டிக்கொண்டான், மறுபடி முன்னால் வந்தான். இரண்டாவது ரவுண்டிலும் அதே கதை. மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது வந்தது, போயிற்று. நான்காவதில் சம்மட்டியின் மார்பு ஏறி இறங்குவது பன்னிரண்டாவது வரிசைக்கே தெரிந்தது. அத்தனை பேர் விழுந்த குத்து அது. இவன் ஏன் விழவில்லை என்று அவன் கண்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

ஐந்தாவது ரவுண்டில் சம்மட்டி மறுபடி இடது கையை வீசினான். வலது கை நெஞ்சுக்கு இறங்கியது. நங்கூரம் அதற்காகத்தான் நான்கு ரவுண்டு அடி வாங்கியிருப்பான் போலும். குட்டையான ஒரு இடது குத்து, வந்ததே தெரியவில்லை. சம்மட்டி உட்கார்ந்த மாதிரி விழுந்தான்.

அவள் நினைத்தது நடந்தது. ஆனால் அவளுக்குள் ஒரு துளி சந்தோஷம் இல்லை. கணவனின் முழங்கையை இறுகப் பிடித்திருந்ததை அவன் "நகம்" என்று சொன்ன பிறகுதான் உணர்ந்தாள். நடுவர் எண்ண ஆரம்பித்தார். நான்கில் சம்மட்டி முழங்காலுக்கு வந்தான். அவள் அவனைப் பார்க்காமல் மூலையில் நின்ற தம்பியைப் பார்த்தாள். அவன் கத்தவில்லை. இரண்டு கையையும் ரிங்கின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, பையனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களுக்கிடையே வெள்ளைத் துண்டு தயாராக இருந்தது, உள்ளே வீசினால் சண்டை அத்தோடு முடிந்தது. எட்டில் சம்மட்டி எழுந்து நின்றான். துண்டு ரிங்குக்குள் விழவில்லை.

அந்த ரவுண்டின் மிச்சத்தை எதிராளியைக் கட்டிப் பிடித்தே ஓட்டினான். இடைவேளையில் தம்பி அவன் காதில் நாலே வார்த்தை சொன்னது தெரிந்தது. ஆறாவதில் வெளியே வந்தவன் வேறு ஆள். வலது கை கன்னத்தோடு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. பெரிய குத்துக்கு ஆசைப்படவில்லை. நேராகச் சின்னச் சின்னக் குத்துகளாக விட்டு, விட்டவுடன் விலகினான். நங்கூரம் முன்னால் வர வர, இவன் பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி மூக்கிலேயே ஒன்று வைத்தான். ஏழு, எட்டு, ஒன்பது. கூட்டம் சலித்துப்போய் ஊளையிட்டது. "அடிடா, டான்ஸ் ஆடாத" என்று கத்தினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாவது ரவுண்டில் இருவரும் நின்ற இடத்தில் நின்று மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். கடைசி மணி அடித்தபோது நங்கூரம் அவனைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னான்.

இரண்டு நடுவர்கள் தொண்ணூற்றைந்துக்குத் தொண்ணூற்று நான்கு என்று சம்மட்டிக்குப் போட்டார்கள், மூன்றாமவர் நங்கூரத்துக்கு. ஒரே புள்ளி வித்தியாசத்தில் சம்மட்டி ஜெயித்தான். அரங்கம் அவனை ஊளையிட்டே அனுப்பியது. அவள் டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் போட்டிருந்த கணக்கும் தொண்ணூற்றைந்துக்குத் தொண்ணூற்று நான்குதான்.

அடுத்த கூட்டத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. முதல் இடம் போட்டிருந்த மீசைக்காரர் இப்போது ஒன்பது போட்டிருந்தார். தலைவர் எட்டு. "காத்து போன பந்து அக்கா. நீங்க அன்னிக்கே சொன்னீங்க, நாங்கதான் கேக்கல" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். அவள் பட்டியலைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அதில் சம்மட்டி நான்காவது இடத்தில் இருந்தான்.

"தம்பி வீட்டுக்கு வந்து அழுதானா?" என்றார் மீசைக்காரர்.

"அவன் இன்னும் எங்கிட்ட பேசவே இல்ல."

"அப்புறம் என்னம்மா? நாக் அவுட் பண்ணினப்ப பதினொண்ணு, விழுந்து எழுந்து ஒத்தப் புள்ளில தப்பிச்சா நாலா?"

"ஆமா. டிவியைப் போடுங்க, சொல்றேன்."

மாடியறை டிவியில் சண்டையை ஆறாவது ரவுண்டிலிருந்து ஓடவிட்டாள். சத்தத்தை நிறுத்திவிட்டாள். "ஊளைச் சத்தம் இல்லாம பாருங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் நீங்களே புள்ளி போடுங்க" என்று ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். முதலில் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். எட்டாவது ரவுண்டு வரும்போது யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் நான்கு பேர் காகிதத்திலும் கடைசி ஐந்து ரவுண்டில் நான்கு சம்மட்டியுடையது.

"அஞ்சாவது ரவுண்டுல அவனுக்கு ஒரே ஆயுதம்தான் இருந்துச்சு. அது வேலை செய்யல. அடி வாங்கித் தலை சுத்துற நேரத்துல, ஒரே நிமிஷ இடைவேளைல, ஆட்டத்தையே மாத்திக்கிட்டான். அதுவும் யாருகிட்ட? யாரும் படுக்க வைக்காத ஆள் கிட்ட. எனக்கு அன்னிக்குத் தெரியாததுன்னு சொன்னேனே, அது இப்பத் தெரியும்" என்றாள்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் கொஞ்சம் முனகிவிட்டுப் போட்டார்கள். மீசைக்காரர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அவரோடு அவள் மதியச் சாப்பாடு வரை பேசினாள். சாப்பிட்ட பிறகும் பேசினாள். மற்றவர்கள் வீட்டுக்குப் போயும், இருவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கடைசியாகச் சொன்னார்: "நான் ஒரே ஒரு தடவைதான் விழுந்தேன். எழுந்திருச்சேன். ஆனா அதுக்கப்புறம் கை வரல. பயம் வந்துருச்சு. இவனுக்கு வரலைன்னு எனக்குத் தெரியுது. அதான் எரிச்சலா இருக்கு." கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். "நாலு முடியாது. அஞ்சுன்னா போடுறேன்."

"என் பட்டியல்ல நாலுதான். உங்க பட்டியல்ல அஞ்சு போட்டுக்கங்க. உள்ள விடுறதுக்குக் கையெழுத்து ஒண்ணுதானே."

அவர் போட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தான். இந்த முறை கதவைச் சாத்தவில்லை, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஜாதி இல்லை இருவருமே. மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த ஒரு தாடையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

"அவன் விழுந்தப்ப நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

"உன்னை."

"துண்டைப் போட்டிருப்பேன். அவன் கண்ணு தெளிவா இருந்துச்சு. அதனாலதான் போடல."

"தெரியும்."

"மூணு மாசமா நல்ல ஆளுங்களாக் கூட்டிட்டு வந்து அவனைத் திருப்பி அடிக்க விட்டேன் பயிற்சில. நீ கேட்டது உறைச்சிருச்சு." எழுந்தான். "மாமாவைக் கேட்டேன்னு சொல்லு."

பதினோரு மாதம் கழித்துச் சம்மட்டி சாம்பியனோடு பன்னிரண்டு ரவுண்டு மோதினான். ஜெயிக்கவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றான். கண்புருவம் கிழிந்து, உதடு வீங்கி, தன் காலாலேயே படியிறங்கிப் போனான். அந்த ராத்திரி ஊர் அவனை எழுந்து நின்று அனுப்பியது. அவன் முதல்வரிசை ஆள்தானா என்ற பேச்சு சலூனில்கூட அதற்குப் பிறகு எழவில்லை. எத்தனையாவது ஆள் என்பதில்தான் தகராறு.

அடுத்த பட்டியல் வந்த அன்று மத்தியானம் மருத்துவமனை போன் அடித்தது.

"அக்கா, மத்தவங்க நாலு பேரும் ரெண்டு போட்டிருக்காங்க. நீ மூணு போட்டிருக்க."

"ஆமா."

"ஏன்?"

"ரெண்டுல இருக்கவன் இவனைவிட ரெண்டு பெரிய ஆளை ஜெயிச்சிருக்கான். அவனோட இவன் இன்னும் மோதல."

மறுமுனையில், பயிற்சிக்கூடத்தில் யாரோ மணல் மூட்டையைக் குத்துகிற சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

"சரி, அவன் தேதி என்ன, எப்ப ஒத்துக்குவான்னு விசாரிச்சுப் பாக்குறேன்" என்றான் தம்பி.

"பாரு" என்றாள் அவள். போனை வைத்துவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். சாயங்காலத்துக்குள் ஒரு மேல்தாடையும் இரண்டு கீழ்த்தாடையும் முடிக்க வேண்டியிருந்தது.